மாத்திரை கொடுக்காத மூன்று ஞாயிறுகள்

மகளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது, வேறு ஊரில் வேலை. ஆனால் லிஃப்ட் மெக்கானிக்குக்கு மனம் போய் நிற்பதெல்லாம் அவளுடைய எட்டு வயதில்தான்.

அறுந்த வாலு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். கண் திறந்ததுமே வாயும் திறந்துவிடும். "அப்பா, லிஃப்டுக்குத் தலை சுத்துமா?" என்று கேட்பாள், பதில் வருவதற்குள் அலமாரியின் மேல்தட்டில் இருப்பாள். ஒருமுறை அவர் வேலை செய்த கட்டிடத்தில் பன்னிரண்டு மாடிப் பொத்தான்களையும் அழுத்திவிட்டு, கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே நின்றவர்களிடம், "இது உங்க மாடி இல்ல" என்றாள். அங்கே திட்டியவர், வீட்டுக்கு வந்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

பள்ளிக்கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு அரைப்பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆனது. பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் மறுத்தார்கள். மனநல மருத்துவர் மூன்று முறை பார்த்துவிட்டு, காலையில் ஒரு மாத்திரை என்று எழுதித் தந்தார். ஒரே மாதத்தில் எழுத்து கோட்டுக்குள் வந்தது, அவளும் அடங்கிவிட்டாள். மனைவியின் அக்கா வந்து பார்த்து, "இப்பதான் வீடு வீடா இருக்கு" என்றாள். அவருக்கோ வீடு வெறிச்சோடிக் கிடந்தது.

மனைவிக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. ஞாயிறு காலை ஷிப்ட் என்பதால், அன்று மாத்திரை கொடுப்பது அவர் பொறுப்பு. ஒரு ஞாயிறு வேண்டுமென்றே கொடுக்காமல் விட்டார். மதியத்துக்குள் பழைய மகள் வந்துவிட்டாள். சோபா மெத்தைகளை அடுக்கி லிஃப்ட் கட்டி, அவரை உள்ளே உட்காரவைத்து, "எந்த மாடி சார்?" என்றாள். அடுத்த ஞாயிறும் அதே கூத்து.

மூன்றாவது ஞாயிறு, தோழியின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை வரைய உட்கார்ந்தாள். நாலு முறை தொடங்கி நாலையும் கிழித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து தேம்பினாள்.

"அப்பா, இன்னிக்கு மாத்திரை குடுத்தியா?"

"மறந்துட்டேன் கண்ணு."

"போன வாரமும் மறந்தியா?"

அவரால் பொய் சொல்ல முடியவில்லை. "நீ முன்னாடி மாதிரி ஆட்டம் போடறது எனக்குப் பிடிக்கும். அதான்."

"உனக்குப் பிடிக்குது. எனக்குத் தலைக்குள்ள பத்து டிவி ஒண்ணா ஓடுற மாதிரி இருக்கு."

அவர் கிழிந்த அட்டைகளைப் பொறுக்கி எடுத்தார். மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"செஞ்சது தப்புதான். ஆனா உங்களுக்கு மட்டுமா ஏக்கம்? அவ குதிச்சு உடைச்ச கட்டில் பலகைய மாத்த வேணாம்னு நான் ஏன் சொல்றேன்னு நினைச்சீங்க?"

இருவரும் மகளோடு மருத்துவரைப் பார்க்கப் போனார்கள். மருத்துவர் அவரைக் கடிந்துகொண்டார். "இனிமே நீங்களா நிறுத்தாதீங்க. ஆனா, ரொம்ப அடங்கிப் போயிட்டாள்னு என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே." மகளிடமும் தனியாகப் பேசிவிட்டு அளவைக் குறைத்தார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் மூவரும் பஸ்ஸில் வீடு திரும்பும்போது மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, டிரைவருக்குத் தும்மல் வந்தா பஸ்ஸும் குலுங்குமா?" அவர் அவசரப்படாமல், பதிலை நீட்டி முழக்கிச் சொன்னார். அவள் இடையிடையே குறுக்குக் கேள்வி போட்டாள், ஒவ்வொன்றுக்கும் பதிலைப் பொறுமையாகக் கேட்டாள். இறங்கவேண்டிய இடம் எப்போதோ போய்விட்டிருந்தது. மூன்று பேரும் பேசிக்கொண்டே திரும்பி நடந்தார்கள்.