உப்பில் குலைந்த மடிப்பு

எத்தாளைக் கரையில் மீனவர் ஜவ்பர் நானா ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டியதும் மரபணு ஆராய்ச்சி செய்யும் ஃபர்ஸானா குனிந்து உள்ளே பார்த்தாள். கடல்பசு என்றும் சொல்லப்படும் கடல்பன்றியின் ஈரல் கல்லுப்புக்குள் புதைந்து கிடந்தது.

"விடியக் காலையில வலையில பட்டு மூச்சு முட்டிச் செத்துட்டு, தங்கச்சி. நீங்க புத்தளத்துல இருந்து வாறதுக்குள்ள பழுதாப் போயிருமெண்டு உப்பை அள்ளிப் போட்டன்."

"ஐஸ்லதானே வைக்கச் சொன்னன், நானா?"

"ஐஸ் உருகிரும். உப்பெண்டா நம்பலாம்."

மீனை உப்பிட்டுப் பதம் போட்டே பழகிய கை. அக்கறையோடு செய்த மனிதரை எந்த வாயால் ஏசுவது? ஃபர்ஸானா கோபத்தை விழுங்கிக்கொண்டு விளக்கினாள். கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஆள் நீளத்துக்கு மேல் மரபு இழை மடிந்து கிடக்கிறது. எந்த இடம் எந்த இடத்தோடு ஒட்டி மடிகிறதோ, அதைப் பொறுத்துத்தான் எந்த மரபணு விழிக்கும், எது தூங்கும் என்பது. மீனிலிருந்து மனிதன் வரை சில மடிப்புகள் கோடிக்கணக்கான வருடங்களாக அப்படியே இருக்கின்றன, சில மாறிவிட்டன. யானையின் மடிப்பை அவள் பார்த்துவிட்டாள். யானைக்கு உறவாக இருந்தும் கடலுக்குத் திரும்பிப் போன இந்தப் பிராணியில் எது மாறியது? அதற்கு ஈரல் சூடாக இருக்கும்போதே, முடியாவிட்டால் ஐஸில் வைத்துச் சில மணி நேரத்துக்குள், ஃபோர்மலினில் போட்டு மடிப்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். உப்போ இழையைக் கட்டி வைத்திருக்கும் புரதங்களையே கழற்றிவிடும்.

"இனி இதுல மடிப்பில்ல, மரபு இழையிட எழுத்து வரிசை மட்டுந்தான் மிச்சம், நானா. அது எங்கக்கிட்ட ஏற்கெனவே ஈக்கி."

சட்டம் காக்கும் பிராணி; தானாகவோ தவறி வலையில் பட்டோ செத்ததில் இருந்து மட்டுமே எடுக்க அனுமதி. அப்படி ஒன்றுக்காக அவள் வருடக்கணக்காகக் காத்திருந்தாள். ஆராய்ச்சிக் காலம் இந்த வருடத்தோடு முடிகிறது. இந்தக் கடலில் இன்னும் எத்தனை மிச்சமோ, யாருக்குத் தெரியும்?

ஜவ்பரின் முகம் வாடிப்போனது. "என்னால எல்லாம் பாழாப் போச்சே." பிறகு கடல் பக்கம் கையைக் காட்டினார். "குட்டி ஒண்டு ஈக்கி, தங்கச்சி. வலையடியிலயே தாயத் தேடிச் சுத்துது. பாலில்லாம எப்படியும் சாகப் போறதுதானே. அதுட ஈரலச் சூடாவே கொண்டாரன்."

வேணாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். எப்படியும் சாகப் போறதுதானே என்ற அந்தப் பேச்சை அவள் மனம் இறுகப் பிடித்துக்கொண்டது. தன்மீதே அருவருப்பு வந்தது, ஆனாலும் பிடியை விடவில்லை.

அவள் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஜவ்பர் போட்டைத் தள்ளி ஏறினார். எஞ்சினை முடுக்குமுன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். நல்ல மனிதர், கையை உயர்த்தியிருந்தால் இறங்கி வந்திருப்பார்.

அவள் உயர்த்தவில்லை.