பேச்சுக்கு ஆறு மதிப்பெண்

2025 ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. பிழையின்றி ஆங்கிலம் பேசக்கூடிய ஒரு பெண்ணுக்குப் பேச்சுத் தேர்வில் ஒன்பதுக்கு ஆறு வழங்கினார்கள். அது அநீதி.

அவர் பெயர் மாசாணியம்மாள். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், வயது முப்பத்தாறு, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியர். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை அவருக்கு வேலை தந்திருந்தது. ஆங்கிலத் தகுதித் தேர்வின் பேச்சுப் பகுதியில் ஏழு வாங்கி, செப்டம்பர் பதினைந்துக்குள் சான்றிதழை அனுப்ப வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றிலும் தேறிவிட்டார். பேச்சுக்கு மட்டும் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது: ஆகஸ்ட் முப்பது.

தாராபுரத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், இப்போது காந்திபுரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் இத்தேர்வுக்குப் பாடம் நடத்துகிறேன்; மாசாணியம்மாள் என் மாணவி. ஆறு என்ற எண்ணைக் கண்டதும் தேர்வு நடத்துவோருக்கு நான்கு பக்கங்களில் ஒரு முறையீடு எழுதினேன். மைய உரிமையாளர் வரதராஜுலு அதைப் பொறுமையாகப் படித்து முடித்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, நாலு பக்கத்துல ஒரு தப்பு இல்லீங்க. ஆனா அந்தம்மா மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுனா உங்களுக்கே அஞ்சரைதான் போடுவாங்க.”

“இலக்கணம் தெரியாதவங்க மார்க் போட்டா அப்படித்தான் இருக்கும்.”

“சரிங்க, மனுவ அப்பறம் அனுப்பலாம். ரிஃபத் ஒரு மாக் டெஸ்ட் வெச்சுப் பாக்கட்டும். நீங்க கம்முனு ஒரு ஓரமா உக்காருங்க.”

ரிஃபத் எங்கள் மையத்தின் மற்றோர் ஆசிரியை. திங்கட்கிழமை மாலை, பணி முடிந்து சீருடையோடு வந்த மாசாணியம்மாளிடம் அவர் தலைப்புச் சீட்டை நீட்டினார்: முன்பின் தெரியாத ஒருவருக்கு நீங்கள் செய்த உதவி. ஒரு நிமிடம் யோசிக்கலாம்; பிறகு இரண்டு நிமிடம் இடைவிடாமல் பேச வேண்டும். நான் சுவரோரம் அமர்ந்திருந்தேன்.

மாசாணியம்மாள் ஒரு வாக்கியம் சொன்னார். பழுதற்ற வாக்கியம். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, என் வலக்கையைப் பார்த்தார். கை அசையவில்லை. அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். மறுபடியும் கையைப் பார்த்தார். ஓடும் பேருந்தில் மயங்கி விழுந்த ஒரு முதியவரை நெஞ்சை அமுக்கிப் பிழைக்க வைத்த கதை அது. பாவம், அந்த முதியவர் ஒவ்வொரு மூச்சுக்கும் என் அனுமதியை எதிர்பார்த்துக் கிடந்தார்.

ரிஃபத் கடிகாரத்தை நிறுத்தினார். “அக்கா, சார் கையையே எதுக்குப் பாக்கறீங்க?”

“தப்புன்னா சார் வெரலத் தூக்குவாருங்க. தூக்கலீன்னா மேல போலாம்னு அர்த்தம்ங்க.”

“பரிச்சைல சார் இல்லியே, அங்க என்ன பண்ணுனீங்க?”

“அந்த மேடம் மொகத்தப் பாத்தனுங்க. அவங்க ஒண்ணும் காட்டலீங்க. தப்பாயிருச்சாட்ட இருக்குதுன்னு பயந்துபோட்டனுங்க.”

அது நான் கற்பிக்கும் முறை. பிழை நேர்ந்த அதே நொடியில் என் ஆள்காட்டி விரல் உயரும். மாணவர் நிறுத்தி, திருத்திச் சொன்ன பிறகே தொடர வேண்டும். அந்த முறையைப் பற்றி நான் பெருமையாகப் பேசாத ஆசிரியர் கூட்டம் இல்லை.

“நான் வெளியே போயிடறேன்,” என்றேன்.

“வேண்டாங்க சார். நீங்க போனா அந்தச் சேரப் பாப்பாங்க. இங்கியே இருங்க, என்ன தப்பு உட்டாலும் வெரல் மட்டும் எந்திரிக்கக் கூடாது. முடியும்ங்களா?”

மாசாணியம்மாள் சிரித்தார். “வேணும்னா ட்ரிப்ஸ் போட்ட கையாட்டம் அட்டை வெச்சுக் கட்டி உட்டறட்டுங்களா சார்?”

கட்டியிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை நாற்பதாவது நொடியில் ஒரு பிழை விழுந்தது. விரல் பாதி உயர்ந்துவிட்டது. மாசாணியம்மாள் அந்தச் சொல்லிலேயே நின்றார். ரிஃபத் எவ்வளவு தூண்டியும் மேலே போகவில்லை.

“எனக்கு இது ஆவாதுங்க,” என்று பையை எடுத்துக்கொண்டார். ரிஃபத் அவரைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தார்.

புதன்கிழமை அவர் வருவாரா என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி தாமதமாக வந்தார். நான் இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அமர்ந்தேன். அவர் வேகமாகப் பேசினார், பதினொரு பிழைகள் எண்ணினேன், விரல்கள் மரத்துப்போயின. வியாழக்கிழமை இரண்டு முறைதான் என் பக்கம் திரும்பினார். பிழைகளோ ஒன்பது. எனக்குள் புது அச்சம் புகுந்தது: நான் திருத்தாமல் விட்ட ஒன்பதும் தேர்வில் அவரைக் கவிழ்த்துவிட்டால்? இருந்த ஆறும் ஐந்தாகிவிட்டால்? வெள்ளிக்கிழமை அவற்றை ஒரு தாளில் எழுதி நீட்டப் போனேன். ரிஃபத் அதை வாங்கி மடித்துத் தம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை தேர்வு மையத்தின் வாயிலில் நின்றேன். மாசாணியம்மாள் வியர்த்த முகத்தோடு வெளியே வந்தார்.

“பேசிட்டே இருந்தனுங்க சார். ரெண்டு நிமிசம் ஆச்சு, போதும்னு அவங்களே நிறுத்துனாங்க. நடுவுல ஒருக்கா திரும்பிப் பாத்தனுங்க, செவுருதான் இருந்துச்சு. தப்பு நெறையா உட்டுப்போட்டனுங்க.”

எங்கே, என்ன பிழை என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. அவர் காத்திருந்தார். நான் கேட்கவில்லை. “சாப்டீங்களா?” என்றேன். அவருக்கு அது வியப்பாக இருந்திருக்க வேண்டும்; பதிலை ஆங்கிலத்திலேயே தொடங்கி, பேருந்து நிறுத்தம் வரை நிறுத்தாமல் பேசிக்கொண்டு வந்தார்.

முடிவு இன்னும் வரவில்லை. ஏழு வந்தால் அது அவருடைய உழைப்பு. வராவிட்டால் அந்தக் குறைந்த மதிப்பெண்ணுக்கு நான் பொறுப்பு. இதைப் படிக்கும் நீங்கள் ஆசிரியராயினும் பெற்றோராயினும், உங்கள் முன்னால் ஒருவர் தடுமாறிக்கொண்டு ஒரு புது மொழியைப் பேசத் தொடங்கும்போது, அவர் தாமாக முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள், கையையும் அசைக்காதீர்கள்.