வேர்வை நாறாத சட்டை

வெயிலில் மூன்று மணி நேரம் குதித்துவிட்டு வருகிறவன் நாற வேண்டும். என் புருஷன் ஹசிந்தோ இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் ஊவே என்கிற கார்னிவல் முகமூடி ஆட்டத்துக்கு ஒத்திகை என்று போவான். திரும்பி வரும்போது சட்டையில் வேர்வை வாடையே இருக்காது, சோப்பு வாசம்தான் இருக்கும். எந்த ஊர் ஒத்திகையில் குளிப்பாட்டி அனுப்புகிறார்கள்?

அதனால்தான் கார்னிவல் அன்று மகள் நயேலியையும் நாத்தனார் ஒஃபேலியாவையும் இழுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் முன்வரிசை பிடித்தேன். அவன் ஆட்டத்தில் இல்லையென்றால் அன்றைக்கே மகளோடு என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

வயலின் கிளம்பியது. இறகுத் தொப்பிகளோடு ஆட்டக்காரர்கள் வந்தார்கள். நான் நாலு மாதம் உட்கார்ந்து ஜிகினா தைத்த மேலங்கியும், நீலக் கண்ணும் தங்கப்பல்லும் வைத்த எங்கள் வீட்டு மரமுகமூடியும் மூன்றாவதாக வந்தன.

"அதோ பாருடி, உன் ஆளு. இப்ப வயிறு குளுந்துச்சா? என் தம்பிய இனிமே சந்தேகப்படுவியா?" என்றாள் ஒஃபேலியா.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வாயை அடைக்க அவளுக்கு ஒரு செமிதா ரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

கடைசிப் பாட்டுக்கு அவரவர் பெண்டாட்டியை இழுத்து ஆடுவது எங்கள் பேட்டை வழக்கம். மற்றவர்கள் எல்லாரும் வந்து கூட்டிப் போனார்கள். எங்கள் முகமூடி மட்டும் தள்ளித் தள்ளிப் போனது. ஊரே பார்க்கிறதே என்று நானே போய்க் கையுறையைப் பிடித்தேன்.

நன்றாகத்தான் ஆடினான். அதுதான் உறுத்தியது. பதினொரு வருடத்தில் ஹசிந்தோ என் காலை மிதிக்காமல் ஆடியதே இல்லை. இவன் ஒரு தடவைகூட மிதிக்கவில்லை.

"யார் நீ?" என்றேன் காதோரம்.

முகமூடி என் பக்கம் குனிந்து, "சத்தம் போடாதே தங்கச்சி. ஆறு மணிக்குள்ள வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போனான்" என்றது. நயேலியின் ஞானத்தகப்பன் நாசாரியோவின் குரல்.

எங்கே போனான் என்று கேட்டேன். அதை மட்டும் கேட்காதே என்றான். சுற்றிலும் தெருவே கைதட்டியது. பாட்டு முடியும்வரை நானும் சிரித்தபடி ஆடித் தொலைத்தேன்.

திரும்பி வந்ததும் நயேலி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞானப்பா நல்லா ஆடறாரு இல்லம்மா?"

உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"போன வருஷமும் அவர்தானே ஆடினாரு. நீதான் காய்ச்சல்ல வரல. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அப்பா சொன்னாரு. இப்ப உனக்கே தெரிஞ்சிடுச்சு, அதான் சொல்றேன். இவ்வளவு நாளும் நான் சொல்லவே இல்ல, பாத்தியா?"

ஒஃபேலியா ரொட்டியை மெல்வதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள். பிள்ளையோ நான் பாராட்டுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. ஹசிந்தோ போன இடத்தை நினைத்து வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.