ஐவரிகோஸ்ட் புலி

கஸ்பருக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. டோர்செட் பார்க் வீட்டில் இருந்து வெளிக்கிட்டது முதல் இப்படித்தான். இடம் இருந்தும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசிக் குளிரிலும் சேட் வேர்வையில் நனைந்திருந்தது. கனடாவில் அகதி விசாரணைக்கு வந்த எவனுக்கும் பயம் இருக்கும்தான். ஆனால் இவன் பயந்தது முன்னால் இருந்த நடுவருக்கு அல்ல, பின்னால் இருந்த அக்காவுக்கு.

அக்கா அன்ரனெற் துணைக்கு வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று வந்தவள். அவளுடைய புருஷன் அன்ட்ரூவும் கஸ்பரும் மன்னாரில் இருந்து ஒன்றாகத்தான் புறப்பட்டார்கள். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று காசு வாங்கிய ஏஜென்ற் என்ற புண்ணியவான் இரண்டு பேரையும் ஆபிரிக்காவில் ஐவரிகோஸ்ட் காட்டோரம் ஒரு குடிசையில் இறக்கிவிட்டு மாயமாகிவிட்டான். கடைசியில் கனடா வந்து சேர்ந்தது கஸ்பர் மட்டும். அத்தான் அங்கே மரம் அரிகிற இடத்தில் வேலை செய்கிறார், பின்னால் வருவார் என்று அக்காவிடம் சொல்லியிருந்தான். பச்சைப் பொய். அத்தான் செத்து எட்டு மாதம்.

காட்டில் எப்படி இருந்தீர்கள் என்று நடுவர் கேட்டார். மிருகங்களைப் பற்றி அளந்தால் மனிதரைப் பற்றிக் கேட்கமாட்டார் என்று கஸ்பர் நினைத்தான். முயலளவு மான், கூட்டமாகக் கத்துகிற வாலில்லாக் குரங்கு, எங்கள் ஆனையைவிடக் குள்ளமான ஆனை, மர உச்சியில் கைக்குழந்தைபோல வீரிடுகிற பெயர் தெரியாத ஒன்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் கேட்டால்தானே!

"பிறகு புலி வந்தது. அதோடை அங்கையிருந்து ஓடினன்."

தமிழில் வரி போட்டதும் புலிதான், புள்ளி போட்டதும் புலிதான். மொழிபெயர்ப்பாளர் ரதி 'டைகர்' என்றாள். நடுவர் நிமிர்ந்தார். ஆபிரிக்காவில் டைகர் கிடையாதே, புலிகள் இயக்கத்தையா சொல்கிறீர் என்று கேட்டார்.

"ஐயோ, இல்லை! மன்னார்க் காட்டிலை இருக்கிற அதே புலி."

ரதிக்கு விளங்கியது. ஆனால் சொந்தமாக ஒரு சொல் சேர்க்க அவளுக்கு அனுமதியில்லை. அப்படியே சொன்னாள். கஸ்பருக்காக வந்த வழக்கறிஞர் நெற்றியில் கை வைத்தார். புலிகளோடு காட்டில் இருந்தவன் என்று நடுவர் எழுதினால் கஸ்பரின் கதை அன்றோடு சரி.

கஸ்பருக்குச் 'சிறுத்தை' என்ற சொல் அந்த நேரம் பார்த்து வர மறுத்தது. மேசையில் விரலால் குத்திக் குத்திக் காட்டினான். "மிருகம், சேர். உடம்பெல்லாம் புள்ளி."

புள்ளி தெரிகிற அளவுக்கு எவ்வளவு கிட்டத்தில் கண்டீர் என்று நடுவர் கேட்டார்.

இன்னொரு பொய் சொல்லத்தான் பார்த்தான். வரவில்லை.

"இந்த மேசையளவு தூரம். அது அத்தானைக் கழுத்திலை பிடிச்சு இழுக்கேக்கை கண்டனான். காய்ச்சலோடை வெளியிலை படுத்திருந்தவர். கத்தினன். கல்லாலை எறிஞ்சன். விடேல்லை."

ரதி முதலில் திரும்பி, பின்னால் இருந்த அக்காவைப் பார்த்தாள். நடுவர் ஆங்கிலத்துக்காகக் காத்திருந்தார். அக்காவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ரதி ஆங்கிலத்தில் சொல்லி முடித்த பிறகு நடுவர் அதிகம் கேட்கவில்லை. கோரிக்கையை ஏற்றுக்கொள்வதாக அங்கேயே அறிவித்தார். வழக்கறிஞர் எழுந்து கை கொடுத்தார். கஸ்பருக்குத் திரும்பிப் பார்க்க வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. ஆனாலும் திரும்பினான்.

"அவருக்கு விண்டர் ஜக்கெற் வாங்கி வைச்சிட்டனடா," என்றாள் அக்கா.