அளவு ஜாக்கெட்

மேசைமேல் விரித்து உள்ளங்கையால் நீவுகிறாள் தையல்கடை ரெக்ஸ்லின், என் மெரூன் ஜாக்கெட்டை, அளவுக்கென்று எப்போதும் நான் கொண்டுவந்து கொடுக்கிற அதே ஜாக்கெட்டை, டேப்பின் நுனியை அதன் அக்குளில் வைத்து நெஞ்சுக்குக் குறுக்கே இழுக்கிறாள், நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், வாயைத் திற, சொல்லித் தொலை என்று என்னையே திட்டிக்கொள்கிறேன், திறக்கவில்லை, பக்கத்தில் தைக்கக் கொடுத்த புதுத் துணி கிடக்கிறது, மகன் கல்யாணப் பட்டோடு வந்த துணி அது ஒன்றுதான், அதை இப்போது இவள் வெட்டிவிடுவாள், செத்துப்போன ஒருத்தியின் அளவுக்கு, பழைய என் அளவுக்கு. பழக்கதோஷம், கிளம்பும்போது கை தானாக அலமாரியைத் திறந்து இதை எடுத்துப் பையில் போட்டது, உடம்பு மாறியது கைக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. வலது மார்பை எடுத்த அன்று மயக்கத்தில் இந்தக் கடைதான் வந்தது, கொடியில் தொங்குகிற ஜாக்கெட்டெல்லாம் போட்டுப் பார்க்கிறேன், எதுவுமே சேரவில்லை, அது கனவா, இப்போது நடப்பதுதானா, கண் விழித்தபோது என் நாத்தனார் சிவகாமி பக்கத்தில் இருந்தாள், பொழச்சு வந்ததே பெரிசு மதினி, சேலைய இழுத்து மூடிக்கிட்டா ஒருத்தருக்கும் தெரியாது என்றாள், பிழைத்து வந்தது யார் என்று கேட்கத் தோன்றியது, அலுப்பாக இருந்தது, கண்ணை மூடிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தங்கமானவர், காயத்துக்கு மருந்து போட்டுவிட்டவர், ஆனாலும் நான் சேலை மாற்றும்போது இன்றுவரை சுவரிலிருக்கிற காலண்டரைத்தான் பார்க்கிறார், நானும் வெகுநாள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, பிறகு ஒருநாள் குளிக்கையில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தழும்பின்மேல் சோப்புப் போட்டிருக்கிறேன், போட்ட பிறகுதான் தெரிந்தது, அட, இதுவும் நான்தானே என்று சிரிப்பு வந்தது.

ரெக்ஸ்லின் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டாள், கத்தரிக்கோலை எடுக்கிறாள், ஏட்டி, வெட்டாத, அந்த அளவு சேராது என்கிறேன், மெலிஞ்சிட்டீங்களாக்கா, கொஞ்சம் பிடிச்சுத் தச்சிருதேன் என்கிறாள், மெலியல, வலதுபக்கம் எடுத்துட்டாங்க, கேன்சர், சொல்லியாயிற்று, அய்யோ யக்கா என்று கத்தரிக்கோலைக் கீழே வைக்கிறாள், ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வருகிறாள், உள்ள பஞ்சு வச்சுத் தச்சிருதேன்க்கா, போட்டோல கூடத் தெரியாது என்கிறாள் குரலைத் தாழ்த்தி. நல்ல மனசுதான், எல்லோருக்கும் நல்ல மனசுதான், மூடி மூடி வைக்கிற அந்த நல்ல மனசுதான் எனக்கு அலுத்துவிட்டது. பஞ்செல்லாம் வேண்டாம்ட்டி, இருக்குறத அளந்து தை என்று எழுந்து முந்தானையை எடுக்கிறேன், அழுகை வருகிறது, வரட்டும், அவள் டேப்பை மேசையிலிருந்து எடுத்து என் நெஞ்சில் சுற்றுகிறாள், தழும்பின்மேல் அவள் விரல் ஒரு நொடி தயங்குகிறது, பிறகு தயங்கவில்லை, மூச்சைப் பிடிக்காதீங்கக்கா, நல்லா விட்டுட்டு நில்லுங்க, இல்லைன்னா போட்ட பெறகு இறுக்கும் என்கிறாள்.