பதினான்கு மஞ்சள் புள்ளிகள்

சென்னகிருஷ்ணனுக்கு வலது இடுப்புக்குக் கீழே வலி வந்து ஒன்பது மாதம் ஆகிவிட்டது. அதில் வலியோடு அல்லாடியது இரண்டு மாதம்தான். மீதி ஏழு மாதமும் எந்த ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று யோசிப்பதிலேயே போனது.

புருஷன் யோசித்தால் ரஞ்சிதாவுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். வந்தது அவள் வலது தோளில் வந்தது, அதுவும் இரண்டு வருஷத்துக்கு முன்பே. கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் பதினொரு வருஷமாக வேலை. எதிரே நிற்கும் பலகையில் எட்டு மணி நேரமும் கையைத் தூக்கித் தூக்கி ஒயரைப் பதிக்க வேண்டும். தோள்பட்டைக்கு மேலே ஒரு முடிச்சு விழுந்து, அங்கிருந்து கழுத்துக்கும் முழங்கைக்கும் வலி இழுத்தது. கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோக முடியாது. பின்னல் போட்டு ஒரு வருஷமாகிறது. முடியை இடது கையால் சுருட்டி ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு, இப்போதெல்லாம் இதுதான் ஸ்டைல் என்று கேட்டவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்ததற்குக் காரணம் அவள் வேலை பார்க்கும் லைன். அங்கே யாரும் நினைத்தபோது இடத்தை விட்டு நகர முடியாது. பாத்ரூம் போகவேண்டுமென்றால் தலைக்கு மேலே இருக்கும் லைட்டைப் போட வேண்டும். ரிலீவர் என்று ஒருத்தி வந்து அவள் இடத்தில் நிற்பாள். அதற்குப் பிறகுதான் போகலாம். பதினொரு வருஷம் அப்படியே நின்று பழகியவளுக்கு வீடும் ஒரு லைனாகத்தான் தெரிந்தது. இருவரும் ஒரே சமயத்தில் படுத்தால் அடுப்பைப் பார்ப்பது யார், தண்ணீர் பிடிப்பது யார்? ஆகவே முதலில் அவருக்கு ஊசி போட்டுச் சரியாகட்டும், அடுத்தது நாம் என்று அவளே முறை போட்டுக்கொண்டாள். அந்த முறைதான் வந்து தொலையவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

சென்னகிருஷ்ணன் பிரேக் சாமான் செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து, அதில் இரண்டு கூடிவிட்டது என்று பொருளைத் திருப்பி அனுப்புகிறவர். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர். கோபம் வந்தால் கன்னடமும் சந்தேகம் வந்தால் தமிழும் பேசுவார். கல்யாணமானதிலிருந்து ரஞ்சிதா கேட்டது பெரும்பாலும் தமிழ்தான்.

எலும்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, வேண்டுமானால் வலிக்கென்றே இருக்கும் டாக்டரிடம் ஊசியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதாதா? இன்ஸ்பெக்டர்களுக்குக் கம்பெனி கொடுக்கும் தடித்த பாக்கெட் நோட்டைப் பின்பாக்கெட்டிலிருந்து உருவிக் கட்டம் போட ஆரம்பித்தார். முதல் ஊசி, தசையில் இறுகிப்போன முடிச்சில் மரத்துப்போகும் மருந்தைப் போடுவது. இரண்டாவது, முதுகெலும்பில் நரம்பு கிளம்புகிற இடத்துக்குப் பக்கத்தில் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே ஸ்டீராய்டு போடுவது. மூன்றாவது, நம் ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுழற்றி நமக்கே திருப்பிப் போடுவது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாதம் தாங்கும், என்ன கெடுதல், எத்தனை நாள் லீவு என்று எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு 'ஊசியின் நீளம்' என்று தலைப்புப் போட்டு, மருந்துக் கடையில் நான்கு ஊசி வாங்கி வந்து அளவுக் கருவியை வைத்து அளந்தும் பார்த்தார். அளந்த அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

உண்மையைச் சொன்னால் ஆளுக்கு ஊசி என்றால் பயம். அதை ஒத்துக்கொள்ள முடியாமல்தான் இவ்வளவு கட்டமும். ரஞ்சிதாவுக்கு அது முதல் வாரமே தெரிந்துவிட்டது. தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

போதாக்குறைக்கு ஆஞ்சப்பன். சூளகிரி தாண்டிப் போகும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு. போக ஐம்பது நிமிஷம், வர ஐம்பது நிமிஷம், வாய் மூடமாட்டார். தன் மச்சினன் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு மறுவாரமே டிராக்டர் ஓட்டினான் என்று திங்கட்கிழமை சொல்வார். வியாழக்கிழமை கேட்டால் அதே மச்சினன் மூன்று மாதம் படுத்தே கிடந்தான் என்பார். சென்னகிருஷ்ணன் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டு வருவார்.

ஆடி போனது, ஆயுத பூஜை போனது. ஒருநாள் சாம்பார்ப் பாத்திரத்தை இறக்கும்போது ரஞ்சிதாவின் கை மரத்துப்போய்ப் பாதி சாம்பார் தரையில் கொட்டியது. அவள் துடைத்துவிட்டு, பாகலூர் ரோட்டில் மாடியில் இருக்கும் வலி டாக்டருக்குத் தானே போன் செய்து புதன்கிழமைக்குப் புருஷன் பேரில் டோக்கன் போட்டாள். போனை எடுத்த பெண், எங்கெங்கே வலிக்கிறது என்று குறித்துக்கொண்டு வரச் சொன்னாள்.

வேறு யாராக இருந்தாலும் காகிதத்தில் குறித்திருப்பார்கள். இந்த இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. கம்பெனியில் குறை எங்கே இருக்கிறதோ அந்தப் பொருளின் மேலேயே அல்லவா குறிப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சென்னகிருஷ்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் குப்புறப் படுத்தார். பெயிண்ட் மார்க்கர் பேனா இரண்டு, மஞ்சளும் சிவப்பும், வீட்டில் இருந்தது. ரஞ்சிதா இடது கைக் கட்டைவிரலால் முதுகிலும் இடுப்பிலும் பதினாறு இடத்தில் அழுத்தினாள். பதினான்கு இடத்தில் ஆள் சும்மா கிடந்தார். இரண்டு இடத்தில் கத்தினார். அவள் புள்ளி வைத்து முடித்து, அவர் பார்க்கட்டும் என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தாள்.

சென்னகிருஷ்ணன் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் புள்ளி புள்ளியாக எண்ணினார். பச்சை ஒன்றுகூட இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். பச்சை எதற்கு என்று கேட்டுவிட்டு அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஆஞ்சப்பன் மச்சினன் கதையை எடுத்தபோது நோட்டையே திறக்கவில்லையாம். செவ்வாய்க்கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. தோளுக்குக் கீழே, முதுகுக்கு நடுவே என்று இதுவரை இல்லாத இடமெல்லாம் வலிக்கிறது என்றார். சாயங்காலம் ரஞ்சிதா காப்பி கொடுத்தபோது, நாளைக்கு டாக்டரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

"ஏங்க?"

"பதினாலு எடம் ஹோல்டு, ரெண்டு எடம் ரிஜெக்ட்டு. இந்தப் பீசை ஊசி போட்டுக் காப்பாத்த முடியாது ரஞ்சி. விட்டுடு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கிளறிக் கிளறிக் கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் கம்பெனியில் நல்ல பொருளுக்குப் பச்சைப் புள்ளி; மஞ்சள் வைத்தால் சந்தேகம், நிறுத்தி வை என்று அர்த்தம். அவள் கம்பெனியிலோ சோதித்துத் தேறிய ஒயருக்குத்தான் மஞ்சள். பச்சை என்று ஒரு பேனாவே அங்கே கிடையாது. பதினேழு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்தும் இது பேச்சில் வந்ததில்லை. வரவேண்டிய அவசியம்தான் என்ன?

ரஞ்சிதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தோள் குலுங்கி வலித்தது, வலித்தும் சிரித்தாள். தேறின இடத்துக்கெல்லாம் இரண்டு நாளாக எப்படி வலி வந்தது என்று கேட்டாள். அவர் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார். நாளைக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் சுசித்ராவுக்கு நாற்பது வயதிருக்கும். தாய்மொழி கன்னடம், தமிழை யோசித்து யோசித்துப் பேசினாள். முதுகைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போய் நின்றாள். பெயிண்ட் குளித்தால் போகாது, தின்னர் வேண்டும், தின்னர் எரியும் என்று அவர் மறுத்துவிட்டிருந்தார். ரஞ்சிதா விவரத்தைச் சொன்னாள். டாக்டர் சிரிக்காமல் கேட்டது பெரிய விஷயம். அவர் நீட்டிய நோட்டையும் வாங்கி, கட்டத்தை முழுக்கப் படித்தாள். படித்தவர்களே இவ்வளவு விசாரிப்பதில்லை என்று பாராட்டினாள். சென்னகிருஷ்ணன் ஒரு அங்குலம் உயர்ந்தார்.

பிறகு படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், சிவப்புப் புள்ளிகளை அழுத்திக் கத்தவைத்தாள். ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் ஆனபிறகு, இந்த நோட்டை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள்.

அவர் பேண்ட்டின் வலது பின்பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினார். நோட்டுக்குள் ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் ஒன்றும் செருகியிருந்தது. பஸ்ஸில் போகும்போதும் அங்கேதானா என்று கேட்டாள். அங்கேதான், பத்தொன்பது வருஷமாக.

டாக்டர் நோட்டை மேஜையில் வைத்தாள். முதுகெலும்பில் கோளாறு இல்லையாம். தினமும் இதன் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து புட்டத்துத் தசை இறுகி, அதன் அடியில் போகிற நரம்பைப் பிடிக்கிறதாம். நோட்டை வேறு பாக்கெட்டுக்கு மாற்றி, சொல்லிக்கொடுக்கும் பயிற்சியை ஆறு வாரம் செய்யட்டும். அப்போதும் குறையாவிட்டால் ஊசியைப் பற்றிப் பேசலாம், இப்போதைக்கு மூன்றில் எதுவும் வேண்டாம் என்றாள். எந்த நோட்டில் ஏழு மாதமாக வலிக்கு ஊசி தேடினாரோ அந்த நோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். ஊசி இல்லை என்ற சந்தோஷமும் மானம் போன துக்கமும் ஒரே முகத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்பதை ரஞ்சிதா அன்றுதான் பார்த்தாள்.

ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஆறு வாரம் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அவள் முறை அதற்கும் பின்னால் தள்ளிப்போயிற்று. அப்புறம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து, ஃபைலையும் பையையும் எடுத்தாள்.

வலது பக்கம் இருந்த பையை இடது கையை நீட்டி ஏன் எடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டாள். எத்தனை நாளாக இப்படி? ரஞ்சிதா மழுப்பினாள். டாக்டர் விடாமல் கேட்டு, இரண்டு வருஷம் என்று வரவழைத்தாள். ஸ்டூலில் உட்காரவைத்துக் கழுத்தைத் திருப்பினாள், கையின் பலத்தைப் பார்த்தாள், பின்னால் நின்று தோளில் ஒவ்வொரு இடமாக அழுத்தி வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றுக்கும் ரஞ்சிதா, பரவால்லைங்க, பரவால்லைங்க என்றே சொன்னாள். அவளை விட்டால் எல்லா இடத்துக்கும் மஞ்சள் வைத்திருப்பாள்.

எதிரே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த சென்னகிருஷ்ணனின் கை பாதியில் நின்றது.

"மேடம், அவ சொல்றதைக் கணக்குல எடுக்காதீங்க. கடைசியா அமுத்துனீங்களே, அங்க இன்னொரு வாட்டி அமுத்துங்க. கால் வெரலைப் பாருங்க."

டாக்டர் மறுபடி அழுத்தினாள். செருப்புக்குள் ரஞ்சிதாவின் கால்விரல் ஐந்தும் சுருண்டன.

இது தசை முடிச்சு என்றாள் டாக்டர். மரத்துப்போகும் மருந்தைச் சின்ன ஊசியில் போட்டால் இறுக்கம் தளரலாம். இரண்டு மூன்று நாள் போட்ட இடம் நோகும். திரும்ப ஒரு தடவை தேவைப்பட்டாலும் படும். பயிற்சியும் வேண்டும், அதே பலகையில் அதே மாதிரி நின்றால் திரும்ப வரும். ஒரேயடியாகப் போய்விடும் என்று சத்தியம் செய்ய முடியாது. யோசித்துச் சொல்லுங்கள்.

யோசிப்பதற்கு ரஞ்சிதாவிடம் இருந்தது இரண்டே கேள்வி. பின்னல் போடக் கை போகுமா என்று கேட்டாள். பயிற்சியோடு சேர்ந்தால் போகலாம் என்றாள் டாக்டர். நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்று கேட்டாள். இரண்டு நாள் கையைத் தூக்காமல் இருந்தால் நல்லது என்றாள்.

ரஞ்சிதா எழப் பார்த்தாள்.

"இல்லைங்க, மொதல்ல அவருக்கு ஆவட்டும். அப்பறமா நானு..."

சென்னகிருஷ்ணன் பக்கத்தில் வந்து அவள் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா லைட்டு எரிஞ்சிருக்குது, நான்தான் பாக்கலை. ரிலீவர் வந்தாச்சு. நீ எறங்கு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமாகவும் இருந்தது, இப்போதாவது வந்தாரே என்றும் இருந்தது. பையை மாட்டிக்கொண்டு நிற்கிற அழகைப் பார்த்தால் சிரிப்பாகவும் இருந்தது. உட்கார்ந்தாள்.

டாக்டர் தோளைத் துடைத்துவிட்டுப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். சென்னகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார். ஊதா, இரண்டு கம்பெனியிலும் இல்லாத கலர் என்று அவளுக்கு அறிக்கை கொடுத்தார். ஊசியைப் பிரிக்கும் சத்தம் கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், அவள் இடது கையை மட்டும் விடவில்லை. யாருக்கு ஊசி என்று தெரியாத அளவுக்கு அதை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ரஞ்சி, வலிக்குதா?" என்றார் சுவரைப் பார்த்து.

பரவால்லைங்க என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை நிறுத்தி வைத்தாள்.

"வலிக்குதுங்க," என்றாள்.