நான்காவது எலுமிச்சம்பழம்

பெரம்பலூர் அரியமுத்து வாங்கிய வேன் தரையிலிருந்து ஒன்றரை சாண் உயரத்தில் மிதந்து போகிறது. அவர் வாங்கிய இரட்டை எஞ்சின் விமானமோ தரையை விட்டு எழும்புவதே இல்லை. சாலையின் இடது ஓரமாக ஓடி, வேகத்தடை வந்தால் மெதுவாகி, ஆடு குறுக்கே வந்தால் நின்று, அது போன பிறகு கிளம்புகிறது. விமானத்தை ஏற்றிப்போகத்தான் வேனை வாங்கினார், இப்போது விமானம்தான் வேனை இழுக்கிறது. இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் பேரளிப் பக்கம் மக்காச்சோளக் கொல்லையில் களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இப்போது மணி என்ன என்று தெரிந்துகொள்ள மட்டும் பார்க்கிறார்கள்.

அரியமுத்து அரசு பஸ் டிரைவர். பெரம்பலூர்–அரியலூர் தடத்தில் இருபத்துநான்கு வருடம், ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அப்பேர்ப்பட்டவருடைய மனைவி வெற்றிச்செல்விக்கு பஸ்ஸில் உட்கார்ந்தால் வாந்தி வரும். உட்காரக்கூட வேண்டாம், டீசல் வாடை பட்டால் போதும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சாக்கடையைத் தேடுவாள். கல்யாணம் முடிந்து விக்கிரமங்கலத்திலிருந்து பெரம்பலூருக்கு அழைத்து வந்தபோது மாலையும் கழுத்துமாகப் பதினோரு இடத்தில் இறங்கினாள். அந்தப் பதினோரு இடமும் அரியமுத்துவுக்கு மனப்பாடம். அவற்றில் நான்கு அவருடைய தடத்திலேயே இருப்பதால், பஸ் ஓட்டும்போதெல்லாம் அந்தப் புளியமரத்தையும் மைல்கல்லையும் பார்த்து அவருக்கு மனசு கஷ்டப்படும். ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிறோம், கட்டியவளை அவள் பிறந்த ஊருக்குக் கொண்டுபோய்விட முடியவில்லையே என்று. பெரம்பலூருக்கு ரயிலும் கிடையாது. கடைசியாக அவள் விக்கிரமங்கலம் போய்ப் பதினோரு வருடம். அப்போதும் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் பாயோடு பாயாகக் கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்ததும் திரும்பி வரும் நாளாகிவிட்டது.

இந்த நிலையில் தங்கை முத்தமிழின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. முத்தமிழ் போனில் ஒரே போடாகப் போட்டாள். “அக்கா, நீ வந்து நிக்காம எம்பொண்ணுக்குத் தாலி ஏற வுடமாட்டேன், ஆமாம்.” வெற்றிச்செல்வி சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அரைமணி நேரம் அழுதாள். அரியமுத்து அதைக் கேட்டும் கேட்காதவர்போல் உட்கார்ந்திருந்தார்.

விமான ஆசை அதற்கு முன்பே அவரைப் பிடித்திருந்தது. கண்டக்டர் அறிவரசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஒரு காலேஜ் மைதானத்துக்குக் கூட்டிப்போய், ரிமோட்டில் பறக்கும் விமானங்களைக் காட்டினான். அன்று ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று நடுவானில் அணைந்து பருத்திக்காட்டில் போய்க் குத்தியது. அப்போதே அரியமுத்து முடிவெடுத்தார், வாங்கினால் இரண்டு எஞ்சின். திருச்சிக் கடைக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார். இரண்டில் ஒன்று நின்றால் விமானம் அந்தப் பக்கமே சுழன்று விழும், பழகுகிறவருக்கு ஒற்றைதான் நல்லது என்றார். அரியமுத்து விடவில்லை. “ஒன்னு படுத்துட்டா இன்னொன்னு வூடு கொண்டாந்து சேக்காதா சார்? நான் ஸ்டெப்னி இல்லாம பஸ்ஸ எடுத்ததே கெடையாது” என்றார். இரண்டாகக் கழற்றி மாட்டும்படி வந்த இறக்கையைத் திருகாணியை நம்பாமல் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டினார். அதனால் அது ஏழடிக்கு ஒரே துண்டாக நின்றுவிட்டது. பிறகு தன் பஸ்ஸின் பச்சையையே அதற்கும் அடித்து, மூக்கில் ‘பெரம்பலூர் – அரியலூர்’ என்று சின்னதாக ஒரு போர்டும் ஒட்டினார்.

ஏழடி இறக்கையைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது, கார் வேண்டும். இதற்காகவாவது கார் வருகிறதே என்று வெற்றிச்செல்வியும் கூடவே கிளம்பினாள், எல்லாம் டவுனுக்குள் நடந்து போகிற தூரம்தான். அவர் ஏழடிக்கு வெட்டிய மூங்கில் கழியோடு போய்க் கதவைத் திறந்து அளப்பார். அவள் ஜன்னலுக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பாள். ஒரு டாக்டர் வைத்திருந்த அம்பாசடரில் கழி உள்ளே போனது, ஆனால் முன்சீட்டைத் தாண்டி டாஷ்போர்டை முட்டியது. வெற்றிச்செல்வி உட்கார்ந்தால் இறக்கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு நீளமான காரில் இரண்டுக்கும் இடமிருந்தது, ஆனால் அதில் தொங்கிய வாசனை டப்பா அவளைப் பின்வாங்க வைத்தது. பதினாலாவதாகப் பார்த்தது ஒரு பழைய வெள்ளை வேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பூ ஏற்றி வந்த வண்டி. தகரமெல்லாம் மருக்கொழுந்து மணத்தது. இறக்கையைக் கூரையில் தூளி கட்டித் தொங்கவிடலாம். வெற்றிச்செல்வி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடி ஐந்து நிமிடம் மூச்சு விட்டாள். “ஓடாம நின்னா ஒன்னும் பண்ணலங்க” என்றாள். அதுவே பெரிய விஷயம் என்று அரியமுத்து வேனை வாங்கிவிட்டார்.

வண்டி வாங்கினால் பூஜை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் ரோட்டில் விடுவது. வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்கு வேனை எடுத்தார்கள், உள்ளே பின்பக்கம் விமானம். வழியில் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. கோயில் வாசலில் நல்ல கூட்டம், எலுமிச்சம்பழம் ஒன்று பத்து ரூபாய் விற்றது, அதிலும் கடைசி நான்குதான் இருந்தன. நான்கு சக்கரத்துக்கு நான்கு, சரியாகிப் போயிற்று என்று வெற்றிச்செல்வி வாங்கி வந்தாள். ஆனால் அரியமுத்துவுக்கு விமானத்தின் மேல் கண். இதுவும் புதுசுதானே, இதற்கும் சக்கரம் இருக்கிறதே என்று அதன் மூன்று சக்கரத்துக்கும் மூன்று பழத்தை வைத்து, பொட்டு வைத்து, இரண்டு கையாலும் தள்ளி நசுக்கினார். மூன்றும் சத்தத்தோடு பிதுங்கின. மிச்சம் ஒரு பழம். அதை ஒரு சக்கரத்துக்கு வைத்தால் மற்ற மூன்றும் கோபித்துக்கொள்ளும் என்று வெற்றிச்செல்வியே எடுத்து, திரும்பும் வழிக்கு மூக்கில் வைத்துக்கொண்டாள். வேனுக்கு வெறும் சூடம் காட்டியதோடு சரி.

அதனால் வந்ததுதான் எல்லாம். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய விமானம் தன்னைத் தரையில் ஓடும் வண்டி என்று முடிவு செய்துகொண்டது. பழம் ஏறாத வேனுக்குத் தான் தரையைச் சேர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. அதுவரை பழைய பழக்கத்தில் ஓடியதே தவிர, ஞாயிறு காலை விமானம் விட்டுப் பார்க்க அறிவரசனோடு மூவருமாகப் போய் வறண்ட ஏரிக்குள் நிறுத்தியபோது அதன் சுபாவம் வெளியே வந்தது. அரியமுத்து விமானத்தின் இரண்டு எஞ்சினையும் முடுக்கி ரிமோட்டை மேலே தள்ளத் தள்ள, அது ஏரியை ஒழுங்காகச் சுற்றி வந்து அவர் காலடியில் நின்றது. பத்து முறை பார்த்தார், பத்து முறையும் அப்படியே. அறிவரசன் எடுத்த வீடியோவில் அது திரும்பும் இடத்தில் ஹாரன் அடிப்பதுகூடக் கேட்கிறது. ஏமாந்துபோய், சரி, வீட்டுக்குப் போவோம் என்று வேனை ஸ்டார்ட் செய்தார். வேன் ஒன்றரை சாண் மேலே வந்து நின்றது. நான்கு சக்கரமும் காற்றில் சுற்றின, வண்டி நகரவில்லை. அறிவரசன் ஒற்றை விரலால் தள்ளினான். ஏழெட்டு அடி வழுக்கிப் போயிற்று.

“அண்ணே, அதையும் இதையும் கட்டிப் பாப்பமா?” என்றான். கொடிக்கயிற்றால் கட்டினார்கள். வெற்றிச்செல்வி கையில் பழத்தோடு ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். அரியமுத்து பக்கத்தில் ரிமோட்டை மடியில் வைத்து உட்கார்ந்தார். விமானம் இழுத்தது. பள்ளம் மேடு எல்லாம் கீழே எங்கேயோ கிடந்தன, மேலே ஒரு ஆட்டம் அசைவு இல்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் அவள் கண்ணைத் திறந்தாள். அரியமுத்து பழக்கத்தில் நிறுத்தப்போனார். “நிறுத்தாதீங்க. எனக்குப் பசிக்குதுங்க” என்றாள். வண்டியில் போகும்போது அவளுக்குப் பசித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அரியமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. பறக்காத விமானத்தைப் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

கல்யாணத்தன்று விடிந்ததும் கிளம்பினார்கள், முகூர்த்தம் ஒன்பதரைக்கு. விமானம் பச்சை நிறத்துக்கும் போர்டுக்கும் விசுவாசமாக ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் நின்றது. ஏற நினைத்தவர்களிடம் வெற்றிச்செல்வி ஜன்னல் வழியே கல்யாண வண்டி என்று சொல்லிச் சொல்லி, கட்டி வந்த இட்லியை நான்கு இடத்தில் பிரித்துச் சாப்பிட்டாள். அந்த நான்கும் அவள் இறங்கிய பழைய இடங்கள்தான் என்று அரியமுத்து கவனித்தார். எட்டு மணிக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்த விமானம் ஓர் இடம் பார்த்து நின்றது. அதற்கு மேல் ரிமோட்டுக்கு அசையவில்லை. தடம் முடிந்துவிட்டது. விக்கிரமங்கலம் இன்னும் ஒரு மணிப் பயணம். பக்கத்தில் உறுமிய பஸ்களின் டீசல் வாடை உள்ளே வர, வெற்றிச்செல்வியின் முகம் வெளுக்கத் தொடங்கியது. அரியமுத்து இறங்கித் தள்ளினார், கெஞ்சினார், அதட்டினார். வேர்த்து விறுவிறுத்ததுதான் மிச்சம்.

“தள்ளுங்க அப்பால. போர்டு பாக்காம எந்த வண்டிங்க போவும்? இதுகூடவா டிரைவருக்குத் தெரியாது?” என்று வெற்றிச்செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி, கைப்பையிலிருந்த கண்மையால் கொட்டை எழுத்தில் ‘பெரம்பலூர் – விக்கிரமங்கலம்’ என்று எழுதினாள். ஒரு கணம் யோசித்து, கீழே ‘இடைநில்லா’ என்றும் சேர்த்தாள். மூக்குப் போர்டின் மேல் அதைச் சாந்துப்பொட்டால் ஒட்டியதுதான் தாமதம், இரண்டு எஞ்சினும் ஒன்றாக உறுமின. அவள் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் விமானம் சிமெண்ட் லாரிகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலை முழுவதும் இறக்கிவிட்டு, தெரிந்த ஊர் பேரெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள் அவள்.

ஒன்பதுக்கெல்லாம் கல்யாண வீட்டு வாசல். முத்தமிழ் அக்காவுக்காக உள் அறையில் பாய் விரித்து, பக்கத்தில் வாளியும் தண்ணீரும் வைத்திருந்தாள். மிதந்து வந்து நின்ற வேனை அவள் பார்க்கவே இல்லை, அதிலிருந்து எட்டிக் குதித்தவளைத்தான் வாய் பிளந்து பார்த்தாள். “பாயச் சுருட்டுடி. எலய போடு” என்றாள் வெற்றிச்செல்வி. தாலி ஏறும்போது முன்வரிசையில் நின்று அட்சதை போட்டாள். இரண்டு ஜிலேபி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மூன்று நாள் இருந்து தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பி வந்தாள்.

இப்போது மாதம் ஒரு முறை விக்கிரமங்கலம். பத்திரிகைப் போர்டு அப்படியே இருக்கிறது, மழைக்கு மேலே கண்ணாடித்தாள் ஒட்டியிருக்கிறார்கள். போன சித்திரையில் நலம் விரும்பிகள் சிலர் சேர்ந்து, ஒரு வண்டி இப்படிக் காலூன்றாமல் திரிவது சரியில்லை, முறைப்படி சக்கரத்துக்கு வைத்து நசுக்கிவிடுங்கள் என்று நல்ல பெரிய எலுமிச்சம்பழமாக நான்கு கொண்டுவந்து கொடுத்தார்கள். வெற்றிச்செல்வி வாங்கிக்கொண்டு, வாங்க, உட்காருங்க என்று நாற்காலி போட்டாள். உள்ளே போய் நான்கையும் பிழிந்து, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். வெயிலுக்கு நன்றாக இருந்தது என்று அவர்களும் குடித்துவிட்டுப் போனார்கள்.